மூன்று கர்டர் ஏன் எட்டவில்லை?



இது நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

நம் பள்ளி வடக்குக் கட்டடத்துக்கு வந்த 7 கர்டர்களில் 3 சுவருக்கு எட்டவில்லை என்ற சங்கதி நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வாரமாக ஓடுகிறது. "லேசர் வைத்து அளந்துமா தப்பு?" என்று ஒருவர். "பழைய கொத்தனாரிடம் டேப்பைக் கொடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும்" என்று இன்னொருவர். பணம் போட்டவர்கள் கேள்வி கேட்பது நியாயம்தான். ஆனால் ஸ்கேன் எடுத்துக் கொடுத்த நம் பையனைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் லீவு போட்டு, கம்பெனியில் கெஞ்சிக் கருவியை வாங்கி வந்து, ஒரு பைசா வாங்காமல் செய்த பிள்ளை அவன். அவனிடம் தப்பே இல்லை என்றும் நான் சொல்லப் போவதில்லை. எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள், அவ்வளவுதான்.

நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து அஞ்சாம் வகுப்புக்கு வடிவியல் நடத்தியவள். ஆனால் அந்த இரண்டு நாளும் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகும் போன வாரம் அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, லேப்டாப்பைத் திறக்கச்சொல்லி, புரியும்வரை கேட்டேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவி. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு பெரிய டப்பா அளவில் இருக்கும். உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழுமாகச் சுற்ற, தலையே மெல்லப் பக்கவாட்டில் திரும்புகிறது. லேசர் ஒளியை அனுப்பி, அது சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ வினாடியில் போகும் தூரம் ஏறக்குறைய 30 செ.மீ., அதாவது நம் மர ஸ்கேல் ஒன்றின் நீளம். அவ்வளவு நுணுக்கமான கணக்கை ஒரு வினாடிக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் தடவை செய்கிற கருவிகள் இன்று வந்துவிட்டன. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது, ஒளி எவ்வளவு வலுவாகத் திரும்பியது, அந்த இடத்தின் நிறம் என்ன என்று மூன்று விஷயத்தையும் குறித்துக்கொள்கிறது. இப்படிக் கோடிக்கணக்கில் சேர்ந்த புள்ளிகளைத்தான் பாயின்ட் கிளவுட் என்கிறார்கள். புள்ளி மேகம் என்று நாம் சொல்லலாம்.

ஒரே இடத்தில் கருவியை வைத்தால் எல்லாம் தெரியாது. கண்ணுக்கு மறைவது அதற்கும் மறைவுதான். நம் பையன் 14 இடத்தில் வைத்து எடுத்தான். பிறகு அந்த 14ஐயும் ஒன்றோடொன்று பொருத்தி ஒரே மேகமாக்கினான். பீரோவுக்குப் பின்னால் ஒன்றும் பதியவில்லை, கருப்பாக ஓட்டை விழுந்தது போல இருந்தது. சுவரே இல்லையோ என்று நான் பதறிவிட்டேன். "டீச்சர், அது ஓட்டை இல்லை, நிழல். கருவி பார்க்காத இடம்" என்றான். தலைமையாசிரியர் அறைக் கண்ணாடிக்கு உள்ளே இன்னொரு அறை இருப்பது போலத் தெரிந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளி செய்த வேலை அது. சத்துணவு ஆயா குறுக்கே நடந்தது கோடு கோடாக, ஆவி போவது மாதிரி பதிந்திருந்தது. அதை அழிக்கப் போனவனிடம், ஒரு பிரதியிலாவது அது இருக்கட்டும் என்றேன். இருக்கிறது.

இனி கம்ப்யூட்டர். இந்த மேகத்தை முதலில் ரீகேப் என்ற மென்பொருளில் சுத்தம் செய்து, பிறகு ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளுக்குள் கொண்டு வருகிறார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போடும் தொழில் இது. எங்கோ அமெரிக்காவில் ஒரு பழைய ஆஸ்பத்திரியை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். இங்கே இவர்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துச் சுவர், கதவு, ஜன்னல், குழாய் என்று ஒவ்வொன்றாக வரைந்து மாடல் செய்து அனுப்புவார்கள். அங்கே விடியும்போது வேலை முடிந்திருக்க வேண்டும்.

என் பக்கத்து வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, "நாம போடுற புள்ளிக்கோலம் மாதிரியா டீச்சர்?" என்றார். அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் ஒரு வித்தியாசம். கோலத்தில் கோடு புள்ளிக்குக் கட்டுப்பட்டது. புள்ளியை விட்டு விலகினால் வாசலில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். இங்கே கோடு போட்டு முடித்ததும் ஒரு பொத்தானைத் தட்டிப் புள்ளிகளை மறைத்துவிடலாம். மறைத்த பிறகு கோடு எவ்வளவு விலகியது என்று யாருக்கும் தெரியாது. என் வழக்கே இதைப் பற்றித்தான்.

நான் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தேன்? புள்ளிக்கு நீளம் இல்லை, அகலம் இல்லை, இடம் மட்டும்தான் உண்டு. உங்களில் பலர் இதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறீர்கள். அந்தப் பாடத்தின் அர்த்தம் எனக்கே இப்போதுதான் முழுசாக விளங்கியது. தள்ளி நின்று பார்த்தால் நம் வடக்குக் கட்டடம் திரையில் அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது. கல் தூண், ஓடு, கரும்பலகைக்கு மேலே எழுதியிருந்த வாசகம் எல்லாம் தெரிகிறது. கிட்டே போகப் போகப் புள்ளிகள் பிரிந்துகொண்டே போகின்றன. இன்னும் கிட்டே போனால் சுவரே இல்லை. இருட்டில் மின்மினி மாதிரி அங்கொன்று இங்கொன்று. அந்தப் பக்கம் அடுத்த வகுப்பறை தெரிகிறது. படத்தைத் திருப்பினால் புள்ளிகள் குறைந்துவிடுகின்றன, நிறுத்தினால் மெல்ல மெல்ல நிறைகின்றன. இருக்கிற அத்தனை புள்ளியையும் ஒரே நேரத்தில் காட்டினால் கம்ப்யூட்டர் திணறும் என்பதால் அதுவே ஆள் பார்த்துப் பந்தி பரிமாறுகிறது. ஆக, திரையில் நாம் பார்ப்பது மேகம் முழுவதும் இல்லை. அந்த நேரத்துக்கு அந்தத் தூரத்துக்கு அது காட்டுவது மட்டும்தான்.

எந்த நிறத்தில் காட்டுவது என்பதும் நம் கையில் இருக்கிறது. உள்ளபடியான நிறத்தில் பார்க்கலாம். உயரத்துக்கு ஒரு நிறம் என்று பார்க்கலாம், தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அதில் தெரியும். எந்தப் பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வைத்தும் நிறம் பிரிக்கலாம். ஒளி எவ்வளவு வலுவாகத் திரும்பியது என்பதை வைத்தும் பார்க்கலாம். இந்தக் கடைசி வகையைத்தான் நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். உள்ளபடியான நிறத்தில் மேற்குச் சுவர் பளிச்சென்று இருந்தது. ஆண்டு விழாவுக்கு அடித்த பெயின்ட். நிறத்தை மாற்றியதும் அதே சுவரின் அடியில், நடுப்பகுதியில், ஒரு பாய் அகலத்துக்குக் கருப்பாக ஒரு திட்டு. "இது என்னடா?" என்றேன். "ஈரமா இருந்தா லேசரை இழுத்துக்கும் டீச்சர். இல்லேன்னா வேற ஏதாவது பூச்சா இருக்கும்" என்றான். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது. கேள்வி கேட்கிற பிள்ளையைப் பதில் பாதியில் உட்காரச் சொன்னது போல ஆகிவிட்டது.

இப்போது கர்டர் கதைக்கு வருகிறேன்.

மேற்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடியில் சரியாக இருந்து, நடுப்பகுதியில் மேலே போகப் போக வெளியே தள்ளியிருக்கிறது. இது ஸ்கேனிலேயே இருந்தது. பையன் மேகத்தை பப்பாளிப் பழம் மாதிரி குறுக்கே ஒரு மெல்லிய வில்லையாக வெட்டிக் காட்டினான். சுவர் ஒரு புள்ளிக் கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டான். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் உச்சியில் 6 செ.மீ. பிரிந்து நின்றன. ஆக, கருவி சரியாக அளந்தது. பையனும் பார்த்தான். நானும் பார்த்தேன்.

அப்படியானால் மாடலில் சுவர் ஏன் நேராக வந்தது?

ரெவிட்டில் தரைப்படம் என்பது கட்டடத்தை ஒரு உயரத்தில் கிடைமட்டமாக அறுத்து மேலிருந்து பார்ப்பது. வழக்கமாக அந்த அறுப்பு 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஜன்னல்கள் படத்தில் விழவேண்டும் என்பதற்காக அப்படி. வரைகிறவர் கண்ணுக்கு அந்த அறுப்பில் அகப்பட்ட புள்ளிகள்தான் தெரியும், அதற்கு மேலே உள்ளவை மறைந்திருக்கும். அந்த உயரத்தில் நம் சுவரின் சாய்வு 1 செ.மீ.தான். பையன் அந்தப் புள்ளிகளின் மேல் சுத்தமாகக் கோடு போட்டான். போட்ட கோடு அப்படியே செங்குத்தாக 3.6 மீட்டர் எழும்பிவிட்டது. மேலே உண்மைச் சுவர் 5 செ.மீ. தள்ளி நிற்கிறது. மாடல் சுவர் தோட்டத்தில் நட்ட கம்பம் மாதிரி நேராக நிற்கிறது.

"ஏன்டா சுவரை நிமிர்த்தினே?" என்று கேட்டேன்.

"நீங்கதானே டீச்சர், ஸ்கேல் வச்சு நேரா போடுன்னு அஞ்சு வருஷம் காதைத் திருகினீங்க" என்றான். திருகியது உண்மைதான். சிரித்துவிட்டுத்தான் மறுபடி கேட்டேன்.

அவன் சொன்ன காரணங்களையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் அது நியாயமில்லை. ஒன்று, ரெவிட்டில் சுவர் என்றால் செங்குத்தான சுவர் என்பதே பல காலம் வழக்கம். சாய்ந்த சுவரை நேரடியாக வரைகிற வசதி 2021 பதிப்பில்தான் வந்தது. ஆனால் நம் சுவர் ஒரே சீராகச் சாயவில்லை, வயிறு தள்ளிய மாதிரி வளைந்திருக்கிறது. அதை அப்படியே வரைய ஒரு சுவருக்கே அரை நாள் ஆகும். இரண்டாவது, ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் வரைந்து கொடுத்தால் அதை வைத்து யாரும் வேலை செய்ய முடியாது. எஸ்டிமேட் போடுகிறவருக்கு ஒரு நீளம் வேண்டும், கதவு செய்கிறவருக்கு ஒரு அகலம் வேண்டும். மூன்றாவது, இந்தத் தொழிலில் எவ்வளவு விலகலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள அமெரிக்காவில் ஒரு படிநிலை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு படிக்கு 15 மி.மீ. முதல் 5 செ.மீ. வரை விலகல் செல்லும். அந்தப் படிக்கு ஒப்புக்கொண்ட வேலையில் 4 செ.மீ. சாய்ந்த சுவரை நேராகப் போட்டால் அது தப்பே கிடையாது.

முதல் இரண்டையும் நான் ஒத்துக்கொள்கிறேன். வரைபடம் என்பதே சுருக்கம்தான். தேசப்படத்தில் ஆற்றின் ஒவ்வொரு வளைவையுமா போடுகிறோம்? மூன்றாவதுதான் எனக்கு ஒப்பவில்லை. நம் விஷயத்தில் யாரும் யாரிடமும் எவ்வளவு விலகலாம் என்று பேசவில்லை. அவன் கம்பெனிப் பழக்கத்தில் செய்தான். வாங்கியவர் லேசர் என்றால் மில்லிமீட்டர் சுத்தம் என்று நினைத்தார்.

ஆனாலும் அவன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். மாடலோடு மேகத்தையும் அனுப்பினான். "மேற்குச் சுவர் சாய்வு உள்ளது, பாயின்ட் கிளவுட் பார்க்கவும்" என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்தான். வேலை எடுத்த இன்ஜினியர் அதைப் படித்திருக்கிறார். மேகத்தைத் தேடியிருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் கேட்கவேண்டிய கதை. ரெவிட் இந்த மேகத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. இன்ன கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு விலாசம் மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பிலும் இரண்டு வகை. ஆர்.சி.எஸ். என்பதில்தான் புள்ளிகள் இருக்கின்றன. ஆர்.சி.பி. என்பது அந்த ஆர்.சி.எஸ். கோப்புகளையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கிற அட்டவணை மாதிரி. நம் கட்டடத்துக்கு ஆர்.சி.எஸ். கோப்புகள் எல்லாம் சேர்ந்து 9 ஜி.பி. ஆர்.சி.பி.யோ மிகச் சின்னது, மெயிலில் போய்விடும். நடுவில் இருந்து அனுப்பி வைத்தவர் (யார் என்று கேட்காதீர்கள், அவர் நல்ல மனசோடுதான் செய்தார்) மாடலையும் ஆர்.சி.பி.யையும் மெயிலில் அனுப்பிவிட்டு, கூட இருந்த ஃபோல்டரை விட்டுவிட்டார். வருகைப் பதிவேடு வந்து சேர்ந்தது, பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. இன்ஜினியர் திறந்தபோது கோப்பைக் காணோம் என்று ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. மூடிவிட்டார். திரையில் அழகான நேரான சுவர்கள் நின்றன. அதை வைத்து அளவு எடுத்துப் பட்டறைக்குக் கொடுத்தார்.

சாதாரணமாகக் கர்டர் சுவருக்குள் அரை அடி போய் உட்காரும், 5 செ.மீ. கூடக் குறையப் பொறுத்துக்கொள்ளும். நம் கட்டடத்தில் பழைய சுவரைக் குடைய வேண்டாம் என்று, இரண்டு பக்கமும் சுவர் முகத்தில் இரும்புத் தகடு பதித்து அதில் போல்ட் போடுகிற மாதிரி செய்தார்கள். அதில் 5 மி.மீ. கூட ஒளித்துவைக்க இடம் இல்லை. ஓரத்துக் கர்டர்கள் இரண்டும் பொருந்தின. நடுவில் இருந்த மூன்றும் எட்டவில்லை. இரண்டாவதும் ஆறாவதும் 2 செ.மீ. இடைவெளியில் நின்றன. பட்டறைப் பையன்கள் "நீள போல்ட் போட்டு இழுத்துடலாம்" என்று ஸ்பேனரை எடுத்துவிட்டார்கள். நம் பழைய கொத்தனார்தான் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து உச்சியிலிருந்து தொங்கவிட்டார். கீழே டேப்பை வைத்துப் பார்த்து, "ரெண்டரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார். மேகம் சொன்ன அதே 6 செ.மீ. குழுவில் கொத்தனாரா லேசரா என்று சண்டை போடுகிறீர்களே, அவர்கள் இருவரும் ஒரே பக்கம்தான் இருக்கிறார்கள்.

அடுத்த நாள் சுவர் அடியில் தோண்டினார்கள், அந்தக் கருப்புத் திட்டு இருந்த இடத்தில். மழைநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்து, எத்தனை வருஷமாகவோ தண்ணீர் அஸ்திவாரத்துக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. மேலே கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றின் வேர் வேறு உள்ளே இறங்கியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். சாய்வு 6 செ.மீ.க்குப் பதில் 2 செ.மீ.யாக இருந்திருந்தால் இழுத்து போல்ட் போட்டிருப்பார்கள். மேலே கூரை ஏறியிருக்கும். ஈரத்தில் ஊறிய அஸ்திவாரத்தின் மேல், சாய்ந்துகொண்டே போகிற சுவரில், ஏழு கர்டரின் பாரமும் உட்கார்ந்திருக்கும். அதன் கீழே மூன்றாம் வகுப்பு. மூன்று கர்டரை மறுபடி செய்ய 48,000 ரூபாய் ஆகிறதே என்று குழுவில் வருத்தப்படுகிறீர்கள். நான் அந்த மூன்று கர்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

இது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து விஷயம் மட்டும் இல்லை என்பதற்காக ஒன்று சொல்கிறேன். பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 2010இல், ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் அதை லேசரில் ஸ்கேன் எடுத்திருந்தார். 50க்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை வைத்து, 100 கோடிக்கு மேல் புள்ளிகள். அவர் அதைப் படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக எடுக்கவில்லை. கட்டியவர்கள் எங்கே திணறினார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று பார்ப்பதற்காக எடுத்தார். மேற்குப் பக்கத்து உள்தூண்கள் ஒரே வரிசையில் இல்லை என்றும், முகப்பில் அரசர் சிலைகள் நிற்கிற வரிசை செங்குத்திலிருந்து கிட்டத்தட்ட ஓர் அடி விலகியிருக்கிறது என்றும் அதில் கண்டார். மண் உள்வாங்கியது, கட்டியவர்கள் அது அடங்கும்வரை காத்திருந்தார்கள் என்று அந்தக் கோணலிலிருந்துதான் அவர் படித்தார். அந்தக் கோணலை யாராவது "சுத்தம்" செய்து நேராக்கியிருந்தால் அந்த வரலாறே போயிருக்கும். டாலன் 2018 நவம்பரில் காலமாகிவிட்டார், தீயை அவர் பார்க்கவில்லை. எரிந்த பிறகு அவருடைய புள்ளிகளும், வேறு சிலர் எடுத்த ஸ்கேன்களும், கூரை மரச்சட்டத்தை இரண்டு கட்டடக் கலைஞர்கள் முன்பே அளந்து வரைந்து வைத்திருந்த படங்களும் கைகொடுத்தன. தச்சர்கள் பழைய முறைப்படி கோடாரியால் ஓக் மரங்களைச் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் கோயில் திறந்தது.

உங்கள் பாக்கெட்டில் இருக்கிற ஊதா நிற நூறு ரூபாய் நோட்டின் பின்னால் உள்ள ராணி கி வாவ் படிக்கிணற்றையும் 2011இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த குழு இப்படி ஸ்கேன் எடுத்திருக்கிறது. உலகமே புள்ளிகளைப் பத்திரப்படுத்துகிறது, நாம் வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறோம்.

ஆகவே இந்தத் தொழிலில் இருக்கிற என் மாணவர்களிடம் (குறைந்தது ஆறு பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்) கேட்கிறேன். தரைப்படத்தை 1.2 மீட்டரில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோடு போடாதீர்கள். கூரைக்குக் கீழேயும் ஒரு தடவை அறுத்துப் பாருங்கள். இரண்டு அறுப்பிலும் சுவர் ஒரே இடத்தில் இருந்தால் நிம்மதியாக நேர்கோடு போடுங்கள். இல்லாவிட்டால், நேர்கோடே போட்டாலும், புள்ளிகளை மறைக்காமல் அந்தக் கோட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள். அச்சில் எடுக்கிற தாளிலும் அது இருக்கட்டும். "படம் அழுக்காத் தெரியும் டீச்சர், கிளையன்ட்டுக்குப் பிடிக்காது" என்று பையன் சொன்னான். பிடிக்காமல் போகட்டும். அந்த அழுக்கைப் பார்த்திருந்தால் நம் இன்ஜினியர் ஒரு கொத்தனாரை ஏணியில் ஏற்றியிருப்பார். ஓரத்தில் எழுதிய குறிப்பை மறந்துவிடலாம், கோட்டை விட்டு விலகி நிற்கிற புள்ளிகளை மறக்க முடியாது. மேகத்தைத் திறக்க முடியாதவர் கையிலும் தாள் இருக்கும் அல்லவா?

கோப்பு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. எச்சரிக்கைக் கட்டம் வந்தால் மூடாதீர்கள், அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள். மேகம் வராத மாடலை வைத்து இரும்பு வெட்டாதீர்கள்.

பையன் இப்போது மேற்குச் சுவரை மறுபடி வரைந்திருக்கிறான். நிமிர்த்தாமல், வயிறு தள்ளியது தள்ளியபடியே. ஒரு சுவருக்கு அரை நாள் என்றவன் இரண்டு ராத்திரி எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு கர்டருக்கும் தனித்தனி நீளம் போட்டிருக்கிறான். அதைக் கொத்தனார் தூக்குக்குண்டு வைத்து ஏழு இடத்திலும் சரிபார்த்தார். முதலில் குழாய் மாற்றி, மேற்குப் பக்கம் முட்டுச்சுவர் கட்டிவிட்டு, பிறகுதான் கர்டர் ஏற்றுவது என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். அவரும் நேரில் வந்து, எச்சரிக்கையைத் தான் மூடியதை ஒளிக்காமல் சொன்னார். அதனால் அவரைப் பற்றியும் குழுவில் பேசவேண்டாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேலை முடியாது. மூன்றாம் வகுப்பு இன்னும் கொஞ்ச நாள் சத்துணவுக்கூடத்துத் தாழ்வாரத்தில்தான்.

புள்ளி மேகம் முழுவதும், ஆர்.சி.பி.யும் அதன் ஃபோல்டரும், எந்த மென்பொருளிலும் திறக்கிற மாதிரி ஈ57 வடிவத்தில் இன்னொரு பிரதியும், இரண்டு ஹார்டு டிஸ்கில் என் பீரோவில் இருக்கின்றன. ஆயா நடந்துபோன பிரதியும் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் காலி டிஸ்கோடு வாருங்கள், போனில் ஏற்ற முடியாது. முட்டுச்சுவருக்கான செங்கல் லாரி திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வருகிறது. ஊரில் இருக்கிறவர்கள் நாலைந்து பேர் இறக்க வந்தால் நல்லது. இட்லி என் வீட்டில்.